மோதல் கனிமம் என்றால் என்ன? ஒரு மூட்டைக் கோல்ட்டானை வைத்து விளக்கம்

கோல்ட்டான் பார்வைக்கு வெறும் கருமணல். காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே, வட கிவு மாகாணத்தின் மசிசிப் பகுதியில் ருபாயா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள மலையில் தோண்டிய ஒரு பிடி மணலையும், எல்லைக்கு அந்தப் பக்கம் ருவாண்டாவில் தோண்டிய ஒரு பிடி மணலையும் அருகருகே கொட்டி வைத்தால், எது எந்த ஊர் மணல் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் சந்தையில் முதலாவதற்கு ‘மோதல் கனிமம்’ என்று பெயர் வரலாம். இரண்டாவது சாதாரண ஏற்றுமதிச் சரக்கு. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, அதை யார் எப்படிச் சோதிக்கிறார்கள், சோதனை ஏன் அடிக்கடி தோற்கிறது என்பதைப் பார்ப்போம்.

எளிய வரையறை இதுதான்: தோண்டும்போதோ, கொண்டுபோகும்போதோ, விற்கும்போதோ ஆயுதக் குழுவின் கைக்குப் பணம் போய்ச் சேருகிற கனிமம் மோதல் கனிமம். ஆயுதக் குழு என்றால் கிளர்ச்சியாளர்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம். அரசுப் படையின் ஒரு பிரிவே சுரங்கத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வசூல் செய்ததும் உண்டு. வாலிகாலே பகுதியில் உள்ள பிசியே வெள்ளீயச் சுரங்கம் 2000-களில் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது.

சட்டங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடுபவை நான்கு உலோகங்கள். கோல்ட்டானிலிருந்து வரும் டாண்டலம், கேசிட்டரைட் என்ற தாதுவிலிருந்து வரும் வெள்ளீயம், வோல்ஃப்ரமைட்டிலிருந்து வரும் டங்ஸ்டன், கடைசியாகத் தங்கம். வெள்ளீயம் இல்லாமல் மின்சுற்றுப் பலகையில் எதையும் சால்டர் செய்ய முடியாது. டங்ஸ்டன் துளைக்கும் கருவிகளின் முனைக்கும், செல்போனை அதிரவைக்கும் குட்டி மோட்டாரின் எடைக்கும் போகிறது. டாண்டலத்தின் வேலை கொஞ்சம் நுணுக்கமானது. அதன் பொடியை அழுத்திச் சுட்டால் பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்த கட்டியாகும். அந்தத் துளைகளின் சுவர் முழுவதும் மெல்லிய ஆக்சைடு படலத்தை வளர்த்தால், அரிசிமணி அளவு இடத்தில் பெரிய மின்தேக்கி கிடைத்துவிடும். ஒரு போனில் இருக்கும் டாண்டலத்தை மில்லிகிராமில்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் உலக டாண்டலத்தில் பாதிக்கு மேல் காங்கோ, ருவாண்டா ஆகிய இரண்டு நாடுகளிலிருந்துதான் வருகிறது. ருபாயா மட்டுமே சுமார் 15 சதவீதம்.

கோபால்ட் இந்தப் பட்டியலில் இல்லை

மின்வாகன பேட்டரிக்குப் போகும் கோபால்ட்டையும் கோல்ட்டானையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது செய்திகளில் சாதாரணமாக நடக்கிறது. கோபால்ட் கிடைப்பது காங்கோவின் கொல்வேசி நகரைச் சுற்றி, ருபாயாவுக்குத் தெற்கே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. அங்கே கிளர்ச்சிப் படைகள் சுரங்கங்களை ஆள்வதில்லை. பெரிய இயந்திரச் சுரங்கங்கள், அவற்றின் ஓரத்தில் கையால் தோண்டுவோர், குழந்தைத் தொழிலாளர், மண்சரிவு, நீர்மாசு என்று அங்குள்ள அறக்கேள்விகள் வேறு. 2016-ல் அம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பின் அறிக்கை பேசியதும் இவற்றில் சிலவற்றைத்தான். ஒரு நிறுவனம் ‘எங்கள் பொருளில் மோதல் கனிமம் இல்லை’ என்று அறிவித்தால், அந்த வாக்கியம் கோபால்ட்டைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கிழக்குக் காங்கோவில் மட்டும் ஏன் ஆயுதக் குழுக்கள்? கனிமத்தால்தான் போர் என்பது பாதி உண்மைகூட இல்லை. 1994-ல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்து முடிந்ததும், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி வந்தார்கள். படுகொலை செய்தவர்களும் அவர்களோடு கலந்து வந்தார்கள். 1996-லும் 1998-லும் இரண்டு பெரும் போர்கள் மூண்டன. நிலம் யாருக்குச் சொந்தம், யார் காங்கோக் குடிமகன் என்ற சண்டைகள் அதற்கும் முந்தியவை. கனிமம் அந்தச் சண்டையைத் தொடங்கிவைக்கவில்லை. நீடிக்கத் தேவையான செலவுப் பணத்தைக் கொடுத்தது. 2000-ல் டாண்டலம் விலை சில மாதங்களில் பல மடங்கு எகிறியபோது, மலையைப் பிடித்தவனுக்கு அது எவ்வளவு பெரிய வருமானம் என்பது எல்லாத் தரப்புக்கும் புரிந்துபோனது.

பணம் எங்கே பிடுங்கப்படுகிறது

ருபாயாவில் தாதுவைத் தாங்கிய பாறை நாட்பட மக்கிக் களிமண்போல் இளகிக் கிடக்கிறது. கடப்பாரை, மண்வெட்டி, தலைவிளக்கு போதும். தோண்டுபவர்களை அங்கே பிரெஞ்சில் ‘க்ரசர்’ என்பார்கள். வெடிமருந்தும் இயந்திரமும் வேண்டியதில்லை என்பது ஏழைக்குக் கிடைத்த வரம்; அதே இளகிய மண் மழைக்காலத்தில் சரிந்து ஆளை மூடுவது சாபம். தோண்டிய மண்ணை ஓடும் நீரில் அலசினால், லேசான களிமண் அடித்துப் போய்விடும், கனத்த கருமணல் தங்கிவிடும்.

இந்த இடத்திலேயே முதல் ஏமாற்று தொடங்குகிறது. கோல்ட்டான் விலை எடைக்கு மட்டும் அல்ல, அதிலுள்ள டாண்டலம் ஆக்சைடின் சதவீதத்துக்கும் சேர்த்துத்தான். 50 கிலோ மூட்டை 30 சதவீதம் என்றால் உள்ளே 15 கிலோ ஆக்சைடு. 25 சதவீதம் என்றால் 12.5 கிலோ. இதை அளக்கும் எக்ஸ்ரே துப்பாக்கி வாங்குபவரிடம் இருக்கும், தோண்டியவரிடம் இருக்காது. வாங்குபவர் ஐந்து சதவீதம் குறைத்துச் சொன்னால், ஆறில் ஒரு பங்கு கூலி காற்றில் போனது. இதற்குத் துப்பாக்கி ஏந்தியவன் யாரும் தேவையில்லை, எந்தச் சட்டமும் இதை மோதல் என்று எண்ணுவதில்லை.

துப்பாக்கி ஏந்தியவர்கள் பணம் பிடுங்கும் வழிகள் பல. வாரத்தில் ஒரு நாள் சம்பளமில்லாமல் தங்களுக்காகத் தோண்டச் சொல்வது ஒன்று. முன்னாள் சர்வாதிகாரி மொபுட்டு காலத்துப் ‘பொது உழைப்பு’ச் சொல்லையே வைத்து இதைச் ‘சலோங்கோ’ என்பார்கள். தோண்டுவதற்கே அனுமதிச் சீட்டு விற்பது இன்னொன்று. கிலோவுக்கு இவ்வளவு என்று தண்டல் வைப்பது, சுரங்க ஊரின் பீர், சாராயக் கடைகளைத் தாங்களே நடத்துவது என்று பட்டியல் நீளும்.

ஆனால் பெரும்பாலானோர் கவனிக்காத இடம் சாலை. மூங்கிலையோ கயிற்றையோ குறுக்கே கட்டினால் சுங்கச்சாவடி தயார். ஐபிஸ் என்ற பெல்ஜிய ஆய்வு நிறுவனம் 2017-ல் வட, தென் கிவு மாகாணங்களில் மட்டும் 798 சாலைத் தடைகளைக் கணக்கெடுத்தது. கனிமம் மட்டும் அல்ல. கரி, வாழைத்தார், மாடு, கால்நடையாகப் போகிற மனிதர் என எல்லாவற்றுக்கும் அங்கே காசு. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: கனிம வியாபாரத்தை அடியோடு நிறுத்தினாலும் தடை போட்டவன் பட்டினி கிடக்க மாட்டான், வாழைத்தாருக்கான வசூலை உயர்த்துவான்.

எம்23 என்ற கிளர்ச்சிப் படை 2024 ஏப்ரல் இறுதியில் ருபாயாவைப் பிடித்தது. அதற்கு முன்னும் அங்கே அரசு ஆட்சி நடக்கவில்லை. அரசுத் தரப்போடு சேர்ந்து நின்ற பரேக்கோ என்ற குழுவின் பிடியில் ஊர் இருந்தது. ஐநா நிபுணர் குழு 2024 இறுதியில் தந்த கணக்கு: மாதம் சுமார் 120 டன் கோல்ட்டான் ருவாண்டாவுக்குப் போகிறது, எம்23-க்கு வரியாக மாதம் குறைந்தது 8 லட்சம் டாலர். வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு ஏழு டாலருக்குச் சற்றுக் குறைவு. கொள்ளை என்று சொன்னாலும் இது நிர்வாகம்தான். சுரங்கத்துக்கென்று பொறுப்பாளர்கள், ரசீதுகள், நிலையான விகிதம் எல்லாம் உண்டு. விகிதத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் தோண்டுபவர்கள் போய்விடுவார்கள் என்பது வசூலிப்பவர்களுக்கும் தெரியும்.

டேக் கட்டிய மூட்டை

மணலுக்கு முகவரி கிடையாது என்பதால், மூட்டைக்கு முகவரி கொடுக்க ஒரு முறை வந்தது. வெள்ளீயத் தொழில் சங்கம் தொடங்கிய இட்ஸ்கி என்ற திட்டம் 2010 வாக்கில் நடைமுறைக்கு வந்தது. அங்கீகரித்த சுரங்கத்தில் அரசு முகவர் மூட்டையை எடைபோட்டு, எண்ணுள்ள பிளாஸ்டிக் டேக் ஒன்றைக் கட்டுவார். எடை, தேதி, எண் பதிவேட்டில் ஏறும். ‘நெகோசியான்’ எனப்படும் இடைத்தரகர் வாங்கும்போது இரண்டாவது டேக். கிழக்குக் காங்கோவின் பெரிய நகரங்களான கோமாவிலோ புகாவுவிலோ ஏற்றுமதி நிறுவனம் இரண்டையும் சரிபார்த்து, சுத்தம் செய்து, டிரம்மில் அடைத்து அனுப்பும். அங்கிருந்து தார் எஸ் ஸலாம் அல்லது மொம்பாசா துறைமுகம், பிறகு ஆசியா.

ஏட்டில் அழகான முறை. ஓட்டை முதல் டேக்கிலேயே இருக்கிறது. மூட்டை கட்டும் அரசு முகவருக்குச் சம்பளம் சொற்பம், அதுவும் மாதக்கணக்கில் வராது. டேக் என்பது காசாக மாறக்கூடிய பொருள். அங்கீகரிக்காத சுரங்கத்து மூட்டைக்கும் அதைக் கட்டலாம், மொத்தமாகவும் விற்கலாம். அப்படி நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. சுரங்கத்துக்குப் போய், எத்தனை பேர் தோண்டுகிறார்கள், ஒருவர் நாளுக்கு எவ்வளவு எடுக்க முடியும் என்று பெருக்கிப் பார்த்து, டேக் பதிவேட்டோடு ஒப்பிடுவது. பதிவேட்டில் டன் கணக்கில் சரக்கு, குழியிலோ நாலைந்து பேர், சில இடங்களில் புல் முளைத்த குழி என்றால் வேறு எங்கோ தோண்டியது இங்கே பிறந்ததாகக் காட்டப்படுகிறது. குளோபல் விட்னெஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட விசாரணை இந்த மாதிரிச் சலவையைத்தான் குற்றம் சாட்டியது, இட்ஸ்கி மறுத்தது. அதே ஆண்டு அக்டோபரில், தாதுவை உலோகமாக்கும் உருக்காலைகளைத் தணிக்கை செய்யும் ஆர்எம்ஐ என்ற தொழில்துறை அமைப்பு இட்ஸ்கியைத் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

இரண்டாவது ஓட்டை எல்லை. காங்கோ 2018-ல் கோல்ட்டானை ‘மூலோபாயக் கனிமம்’ என்று அறிவித்து ஏற்றுமதி உரிமத்தொகையைப் பத்து சதவீதமாக ஏற்றியது. அந்தப் பக்கம் ருவாண்டாவில் சுமை குறைவு, சாலை நல்லது, பத்திரம் சீக்கிரம் கிடைக்கும். போரே இல்லாவிட்டாலும் கடத்தல் லாபம்தான். ருவாண்டாவில் உண்மையாகவே கோல்ட்டான், வெள்ளீயம், டங்ஸ்டன் மூன்றும் கிடைக்கின்றன என்பதால் கலப்பதும் சுலபம்.

மணலின் வேதியியலை வைத்துப் பிறந்த இடத்தைச் சொல்ல முடியாதா? ஓரளவு முடியும். ஜெர்மனியின் புவியியல் நிறுவனமான பிஜிஆர் தாதுத் துகள்களின் நுண்தனிமங்களையும் வயதையும் அளந்து, சுரங்க மாதிரிகளின் களஞ்சியத்தோடு ஒப்பிடும் ‘கைரேகை’ முறையை உருவாக்கியது. சந்தேகப்பட்ட ஒரு மூட்டையைச் சோதிக்க நல்ல கருவி. ஆனால் மூன்று மலைகளின் மணலை ஒரே டிரம்மில் கலக்கினால் ரேகை மங்கிவிடும். ஒவ்வொரு மூட்டைக்கும் செய்யச் செலவும் தாங்காது.

தங்கத்துக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. ஒரு கிலோ தங்கத்தின் கன அளவு 52 கன சென்டிமீட்டர். உங்கள் போனைவிடச் சிறியது, 2025 விலையில் ஒரு லட்சம் டாலருக்கு மேல். அதற்கு யார் டேக் கட்டுவது? சட்டைப்பையில் எல்லை தாண்டி, உகாண்டா, ருவாண்டா வழியாகப் பெரும்பாலும் துபாய் போய், உருக்கியபின் அதற்கு ஊரே இல்லை. நான்கில் தங்கம்தான் மிக மோசமாகக் கண்காணிக்கப்படுவது, ஆனால் விவாதமெல்லாம் செல்போனைச் சுற்றியே நடக்கிறது.

உருக்காலை என்னும் குறுகிய கழுத்து

பல்லாயிரம் குழிகள் ஒரு பக்கம், ஆயிரக்கணக்கான மின்னணு நிறுவனங்கள் மறுபக்கம். நடுவில் டாண்டலம் ஆலைகள் உலகம் முழுவதும் சில டஜன்தான். அங்கே தாது ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் கரைந்து, உப்பாகி, பொடியாகும்போது பிறந்த இடத்தின் கடைசித் தடயமும் அழிந்துவிடும். அதனால் அமிலத்தில் இறங்குவதற்கு முன் பத்திரங்களைச் சோதிப்பதே ஒரே வாய்ப்பு. தணிக்கை முறை முழுவதும் ஆலையைச் சுற்றி அமைந்தது இதனால்தான்.

ஒரு போன் நிறுவனம் செய்வது இது. தன் உதிரிபாக விற்பனையாளர்களுக்கு ஆர்எம்ஐ-யின் எக்செல் படிவத்தை அனுப்பும். அவர்கள் தங்கள் விற்பனையாளர்களுக்கு. நாலைந்து படி கீழே போய், ஆலைகளின் பெயரும் அடையாள எண்ணும் நிரம்பி மேலே வரும். வருவதில் பாதி பழைய படிவம், எழுத்துப்பிழை, ஆலைக்குப் பதில் வியாபாரியின் பெயர். பெரிய விற்பனையாளர் தான் விற்கும் குறிப்பிட்ட பாகத்துக்கான ஆலையைச் சொல்வதில்லை, தன் நிறுவனம் மொத்தத்துக்கும் சேர்த்து முந்நூறு ஆலைகளைக் கொட்டிவிடுவார். எல்லா ஆலையும் எல்லாப் பாகத்திலும் இருப்பதுபோல் தோன்றும்.

இதற்குப் பின்னால் நிற்கும் சட்டங்களில் முக்கியமானது அமெரிக்காவின் 2010 டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1502-வது பிரிவு. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் இந்த நான்கு உலோகங்களும் காங்கோவிலிருந்தோ அதன் ஒன்பது அண்டை நாடுகளிலிருந்தோ வந்தனவா என்று விசாரித்து, ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள் அறிக்கை தரவேண்டும். பயன்படுத்தக் கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை. விசாரித்துச் சொல் என்கிறது, அவ்வளவே. ‘மோதலற்றது என்று கண்டறியப்படவில்லை’ என்று பொருளுக்கு முத்திரை குத்தச் சொன்ன பகுதி பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2017-ல் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையமே பிடியைத் தளர்த்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அது காங்கோவோடு நிற்காமல் உலகின் எல்லா மோதல் பகுதிகளுக்கும் பொருந்தும். ஆனால் தாதுவையும் உலோகத்தையும் இறக்குமதி செய்பவர்களை மட்டுமே கட்டும். அதே உலோகம் போனுக்குள் உட்கார்ந்து வந்தால் கேள்வி இல்லை. இவ்விரண்டுக்கும் அடித்தளம், வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி-யின் ஐந்துபடி வழிகாட்டி: நிர்வாக ஏற்பாடு, ஆபத்தைக் கண்டறிதல், கண்டதற்கு நடவடிக்கை, ஆலையில் வெளித்தணிக்கை, ஆண்டறிக்கை.

அந்த மூன்றாவது படியில்தான் அறச்சிக்கல். ஆபத்து தெரிந்தால் உடனே விலகு என்பது வழிகாட்டியின் முதல் அறிவுரை அல்ல. ஆயுதக் குழுவுக்கு நேரடி ஆதரவு, சித்திரவதை, கட்டாய உழைப்பு போன்றவற்றுக்கு விலகல். லஞ்சம், வரி ஏய்ப்பு போன்றவற்றுக்கு உறவில் இருந்துகொண்டே கால அளவு வைத்துத் திருத்தல். நிறுவனங்களுக்கோ விலகுவதுதான் மலிவு. 2010 செப்டம்பரில் காங்கோவின் அன்றைய அதிபர் கபிலா மூன்று கிழக்கு மாகாணங்களில் கையால் தோண்டுவதை நிறுத்தினார்; 2011 மார்ச் வரை தடை நீடித்தது. அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து வாங்குவோரும் அதே நேரத்தில் விலகினார்கள். தோண்டியவர்களுக்குப் பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் நின்றன. பலர் தங்கக் குழிக்கு நகர்ந்தார்கள், அதாவது கண்காணிப்பு இன்னும் குறைவான இடத்துக்கு. 2024 டிசம்பரில் காங்கோ அரசு பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஆப்பிளின் கிளை நிறுவனங்கள்மீது குற்றப்புகார் கொடுத்தது. ஆப்பிள் குற்றச்சாட்டை மறுத்தது. காங்கோ, ருவாண்டா இரண்டிலிருந்தும் இந்த உலோகங்களை வாங்குவதை நிறுத்தும்படி விற்பனையாளர்களுக்குச் சொல்லிவிட்டதாகவும் அறிவித்தது. நிறுவனத்தின் அறிக்கைக்கு அது நல்லது. மலையில் தோண்டுபவருக்கு வாங்குபவர் ஒருவர் குறைந்தார். மிஞ்சியவர் கேள்வி கேட்காதவர்.

வல்லரசுகள் வரும் வழி

மேற்கத்திய நாடுகள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில் சீன நிறுவனங்கள் சுரங்கத்தையே வாங்கின. 2016-ல் அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் நிறுவனம் காங்கோவின் டென்கே ஃபுங்குருமே செம்பு-கோபால்ட் சுரங்கத்தில் தனக்கிருந்த பெரும்பங்கை 265 கோடி டாலருக்குச் சீனாவின் சிஎம்ஓசி-க்கு விற்றது அதன் அடையாளம். இன்று உலகின் கோபால்ட்டில் 70 சதவீதத்துக்கு மேல் காங்கோவில் தோண்டப்படுகிறது, பெரும்பகுதி சீனாவில் சுத்திகரிக்கப்படுகிறது. விலை சரிந்தபோது காங்கோ 2025 பிப்ரவரியில் கோபால்ட் ஏற்றுமதியையே நிறுத்தி, அக்டோபரிலிருந்து ஒதுக்கீட்டு முறைக்கு மாறியது. 2026-க்கும் 2027-க்கும் ஆண்டுக்கு 96,600 டன். எண்ணெய் நாடுகள் செய்ததைக் கனிமத்தில் செய்து பார்க்கிறார்கள்.

அமெரிக்கா அங்கோலாவின் லொபிட்டோ துறைமுகத்திலிருந்து காங்கோ எல்லை வரை ஓடும் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் ரயில்பாதைக்குக் கடன் கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 பிப்ரவரியில் ருவாண்டாவோடு மூலப்பொருள் ஒப்பந்தம் போட்டது. அந்த நேரத்தில் எம்23 மசிசியில் சண்டையிட்டுக்கொண்டிருந்தது, ருவாண்டாவின் ஆதரவோடு என்று ஐநா நிபுணர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். சொந்தச் சட்டம் கேட்கச் சொன்ன கேள்வியைச் சொந்த ஒப்பந்தத்தில் கேட்கவில்லை என்று கின்ஷாசாவில் உள்ள காங்கோ அரசு கோபித்ததில் நியாயம் இருந்தது. 2025 ஜனவரியில் கோமாவும் பிப்ரவரியில் புகாவுவும் எம்23 வசம் போயின. ஜூன் 27 அன்று வாஷிங்டனில் காங்கோவும் ருவாண்டாவும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. கனிம முதலீடும் அதே பேச்சின் பகுதி. டிசம்பர் தொடக்கத்தில் இரு அதிபர்களும் அங்கேயே கூடி அதை உறுதிசெய்தார்கள். ஒரு வாரத்துக்குள் கிழக்குக் காங்கோவின் உவிரா நகரமும் எம்23-யிடம் விழுந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படும் ஐபோனின் டாண்டலமும் இந்தச் சங்கிலியில்தான் வருகிறது. ஆனால் ஆலையை எப்போதோ தாண்டி, மின்தேக்கியாகி, பலகையில் ஏறிய பிறகு. அங்கே யாரும் எதையும் சோதிக்க முடியாது. வாங்குபவருக்குக் கிடைப்பது நிறுவனத்தின் அறிக்கை மட்டுமே.

அதை எப்படிப் படிப்பது? ‘ஆயுதக் குழுக்களுக்குப் பணம் போனதாக நம்பக் காரணம் இல்லை’ என்ற வாக்கியத்தைத் தாண்டிப் போங்கள். எத்தனை விற்பனையாளர்கள் பதில் அனுப்பினார்கள், தணிக்கைக்கு ஒப்பாத எத்தனை ஆலைகளைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், பெயர் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். தங்க ஆலைகளின் பட்டியலைத் தனியாகப் பாருங்கள். சறுக்கல் அங்கேதான் அதிகம். பிறகு பின்னிணைப்பில் மூலநாடுகள் மொத்தமாக அடுக்கப்பட்டிருக்கும். அதில் ருவாண்டா இருந்து காங்கோ இல்லாவிட்டால், அந்த ருவாண்டா மணல் எந்த மலையில் தோண்டியது என்று நிறுவனம் எப்படித் தெரிந்துகொண்டது என்பதற்கு அறிக்கையில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.